பச்சைத் துணிக்கு அடியில்

வீட்டு நிம்மதியின் விலை எண்பத்தையாயிரம், வண்டிக்கூலி தனி. எட்டு வருஷத்துக்கு முன்னால் துணிக்கடைக்காரர் அதை ரொக்கமாகக் கொடுத்து வாங்கினார்.

அதுவரை கடை சாத்தியதும் நேரே கிளப்புக்குப் போய் பில்லியர்ட்ஸ் ஆடிவிட்டு, வீடு தூங்கிய பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைவது அவர் வழக்கம். ஒருநாள் மனைவி தூங்கவில்லை. செருப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஒண்ணு அந்த மேசை இங்க வரட்டும். இல்ல, உங்க துணிமணி அங்க போகட்டும்" என்றாள். இரண்டில் எது மலிவு என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்ததாகக் கேள்வி.

மறுவாரம் கிளப்பில் கழித்துக் கட்டவிருந்த பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று வீட்டு வாசலில் வந்து இறங்கியது. பந்து விழ ஆறு பை, மூன்று துண்டுக் கருங்கல், அதன்மேல் இழுத்துக் கட்டிய பச்சைக் கம்பளித் துணி. ஒன்றேகால் லட்சத்தில் தொடங்கிய பேச்சை அவர் எண்பத்தைந்தில் முடித்திருந்தார். அறை சிறியது, மேசை பெரியது. ஒரு பக்கச் சுவருக்கும் மேசைக்கும் நடுவே இரண்டரையடிதான் மிஞ்சியது. அந்தப் பக்கம் நின்று அடித்தால் குச்சி சுவரில் இடிக்கும் என்பதால் ஒரு குச்சியைப் பாதியாக அறுத்து வைத்தார்கள். அதற்குக் கட்டையன் என்று பெயர்.

துணிக்கு ஈரம் ஆகாது என்று யாரோ சொன்னதால், அந்த இரண்டரையடிச் சுவரில் பிறகு ஒரு ஏசியும் ஏறியது. அந்த ஏசியை மாட்டிய கதையைக் கேட்காத விருந்தாளி கிடையாது. மாட்டுகிற கூலி, சுவரில் துளை போடுகிற கூலி, ஆறடிப் பைப் என்று மெக்கானிக் நீட்டிய பட்டியலில், துளையும் வேண்டாம் ஆறடியும் வேண்டாம், மேலே இருக்கிற பழைய ஜன்னல் ஓட்டையும் ஒரு முழப் பைப்பும் போதும் என்று அடித்துப் பாதிக் கூலிக்கு முடித்த கதை. கடைசியில் "அழாத குறையா போனான்" என்று சொல்லி, மேசைத் துணியை ஒரு தடவு தடவிக் காட்டுவார். "பாருங்க, இத்தனை வருஷத்துக்கும் மொத நாள் மாதிரியே இருக்கு."

அந்தத் தடவலுக்கு ஒரு மதிப்பு உண்டு. பஜாரில் அவருக்குப் பெயரே 'விரல்'. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை ஒரு நெருடு நெருடினால், எந்த மில், என்ன நூல், எத்தனை சதவீதம் கலப்படம், விற்பவன் எவ்வளவு கடனில் இருக்கிறான் என்பதுவரை சொல்லிவிடுவார் என்று பேச்சு. கடைசி விஷயம் மிகைப்படுத்தல்தான். ஆனாலும் அவர் அதை மறுத்ததில்லை.

மாலை ஆட்டத்துக்கு அவருக்குத் துணை மைத்துனன். மனைவியின் தம்பி, மாடியில் குடியிருப்பவன், கடையில் பில் போடுவதிலிருந்து மூட்டை இறக்குவதுவரை பார்ப்பவன். யார் எத்தனை ஜெயித்தார்கள் என்பதை அலமாரிக் கதவின் உட்புறம் சாக்கட்டியால் எழுதி வைப்பார்கள். அழித்து அழித்து எழுதியதில் கதவின் அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. இன்றைய தேதிக்கு அவர் அறுநூற்றுப் பதினெட்டு, மைத்துனன் ஐந்நூற்று எழுபத்தொன்று.

ஐந்து நாள் கொள்முதலுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை காலை திரும்பியவர், பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு மேசை அறைக்குள் போனார். புறப்படும்போது, துணி உலர்வாக இருக்கட்டும் என்று ஏசியை ஓடவிட்டு, "என் ரூம்ல சுவிட்ச் ஒண்ணையும் யாரும் தொடக் கூடாது" என்று உத்தரவும் போட்டிருந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேசை உறையைத் தூக்கினார். கை வைத்தார். விரல் சில்லென்றது.

சுவர்ப் பக்கம் துணியில் ஒரு தேசப்படம் மாதிரி கறை. ஓரக்கட்டைக்குக் கீழே மரம், தேனீ கொட்டிய உதடுபோல உப்பியிருந்தது.

அவர் கத்தவில்லை. வியாபாரி நஷ்டத்தைப் பார்த்ததும் முதலில் கத்த மாட்டான், கதவைச் சாத்துவான். சாத்திவிட்டு விசாரணையைத் தொடங்கினார். கூரையைப் பார்த்தார்: காய்ந்திருந்தது. தரையைத் தொட்டார்: காய்ந்திருந்தது. உறையை நெருடினார்: மொடமொடவென்று இருந்தது. கடையில் மிச்சப்பட்ட திரைச்சீலைத் துணியில் அவரே நின்று இரட்டைத் தையல் போடவைத்த உறை அது. சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று அவரே அதற்குச் சான்றிதழும் கொடுத்திருந்தார். ஆக, மேலே ஈரமில்லை, கீழே ஈரமில்லை, மூடியிருந்த உறையில் ஈரமில்லை. நடுவில் துணி மட்டும் நனைந்திருக்கிறது. நாலு சாட்சிகளில் மூன்று பேர் ஒன்றும் தெரியாது என்றால், அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சமையலறைக்குப் போனார். மனைவி திரும்பிப் பார்க்காமலே, "வந்ததும் அங்கதான் போனீங்களா?" என்றாள்.

"மேசையில தண்ணி."

"ஆமாங்க. மாடி பைப் ஒழுகிருச்சு. சனிக்கிழமை."

"மாடி பைப் ஒழுகினா கூரையில்ல நனைஞ்சிருக்கணும்?"

"காஞ்சிருக்கும்."

"கூரை காஞ்சிருச்சு. துணி காயலையா?"

"கூரைக்கு ஃபேன் பக்கத்துல இருக்கே" என்றாள் அவள், கரண்டியைக் கழுவிக்கொண்டே.

பதில் தயாராக இருந்த வேகம் அவருக்குப் பிடிக்கவில்லை. குளித்துவிட்டுக் கடைக்குப் போனார். மைத்துனன் பில் புத்தகத்தின்மேல் குனிந்திருந்தான். அவரைக் கண்டதும் எழுந்தான்.

"அத்தான், தப்பு எம்மேலதான். தரை தொடைக்கலாம்னு பக்கெட்ட மேசை மேல வச்சேன். கை தட்டி கவுந்திருச்சு."

"தரை தொடைச்சியா? நீயா?"

"ஆமா அத்தான்."

"இத்தன வருஷத்துல நீ தொடைச்சு நான் பாத்தது உன் மூக்குக்கண்ணாடி மட்டும்தான்."

மைத்துனன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் கல்லாவில் உட்கார்ந்தார். ஒரே சரக்குக்கு இரண்டு பில். ஒன்று வீட்டில் போட்டது, ஒன்று கடையில் போட்டது. இரண்டும் பொய்ப் பில். ஒரு பொய் என்றால் பயத்தில் சொன்னது என்று விட்டுவிடலாம். இரண்டு பேர் சேர்ந்து சொல்கிறார்கள் என்றால் அது கூட்டு.

சந்தேகம் வந்துவிட்டால் பழைய சரக்கெல்லாம் கிடங்கிலிருந்து தானாக இறங்கி வரும். இரண்டு வருஷமாக மைத்துனன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் ஒன்றேகால் மணி நேரம் ஆக்குகிறான். ஒருமுறை அவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தபோது மேசை அறையிலிருந்து வெளியே வந்தான். அக்குளில் ஒரு தண்ணீர் பாட்டில், தலைமுடியெல்லாம் கலைந்து. "சும்மா, குச்சி தொடைச்சேன் அத்தான்." உள்ளே போய்ப் பார்த்தால் நாற்காலி இடம் மாறியிருந்தது. திருட்டுத்தனமாக ஆடிப் பழகுகிறான் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதினார். இவ்வளவு பழகியும் தோற்கிறானே என்ற இரக்கத்தில்தான் தண்டனையை நிறுத்தி வைத்திருந்தார்.

இனி நிறுத்தி வைக்க முடியாது. ஏனென்றால் வருகிற வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரில் இரண்டாவது கடைக்குக் கையெழுத்து. புதுக் கடையில் அவருக்கும் மைத்துனனுக்கும் சரிபாதி என்று பத்திரம் தயார். போன வாரம்கூட அவன்தான் அங்கே மூன்று நாள் தங்கி, தச்சனோடு மல்லுக்கட்டி அலமாரிக்கு அளவெடுத்துவிட்டு வந்தான், அவரே அனுப்பிவைத்தார். சாயங்காலம் வீட்டில் பத்திரத்தை எடுத்து விரித்தார். 'சரிபாதி' என்ற வார்த்தையில் விரலை வைத்து நெருடினார், கலப்படம் பார்ப்பதுபோல. பிறகு மடித்து, மேல் டிராயரில் இருந்ததைக் கீழ் டிராயரில் போட்டார்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குப் போறோம்?" என்று மனைவி கேட்டாள்.

"பாக்கலாம்."

அவர் கடையில் வாடிக்கையாளரிடம் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். கேட்ட விலைக்குக் கிடையாது, கிளம்பு என்று அர்த்தம்.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன்பே மேசைக்காரர் வந்தார். ஊரில் பில்லியர்ட்ஸ் மேசைகளைக் கழற்றி மாட்டுவதும் துணி மாற்றுவதும் அவர் தொழில். இந்த மேசையை இங்கே பூட்டியவரும் அவர்தான். ஒல்லியான ஆள்; கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். உள்ளே வந்ததும் முதல் கேள்வி:

"ஹீட்டர் கீட்டர் வச்சு காய வச்சீங்களா?"

"இல்ல."

"பொழைச்சீங்க. சூடு காட்டினா மரம் முறுக்கிக்கும். கல்லுக்கு ஒண்ணும் ஆகாது, அது எவ்வளவு குடிச்சாலும் நிதானமா இருக்கும். மரந்தான் ரெண்டு சொட்டுக்கே தடுமாறும். துணி போச்சு, அதுல பேச்சே இல்ல."

"துணிய காய வச்சா?"

"நனைஞ்சு காஞ்ச துணியில பந்து நேரா போகாது. நேரா போகலன்னா ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்படுவீங்க."

துணிக்கடைக்காரர் கூலியைக் கேட்டார். மேசைக்காரர் சொன்னார். அவர் பாதி சொன்னார். மேசைக்காரர் பையைத் தூக்கித் தோளில் மாட்டினார். அவர் முக்கால் சொன்னார். பை கீழே இறங்கியது.

ஓரக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார் மேசைக்காரர். சுவர்ப் பக்கத்துக் கட்டையில் இரண்டு போல்ட் துருப்பிடித்து வர மறுத்தன. அவற்றை எண்ணெய் விட்டு ஊறவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து துணியைப் பிடித்திருந்த பின்களைக் கிளப்பத் தொடங்கினார். நாலைந்து பின் எடுத்ததும் கை நின்றது. ஒரு பின்னை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது என் கை இல்லையே."

"என்னது?"

"நான் பின்ன நேரா அடிப்பேன். இவன் சாய்ச்சு அடிச்சிருக்கான். இடது கைக்காரன்."

துணியை ஒரு முழம் உரித்து மடித்தார். முதல் கல் தெரிந்தது. கருமையான கல்லில், மூலையில், பென்சிலால் ஒரு நட்சத்திரமும் எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதியும். "இது நான்" என்றார் மேசைக்காரர், பழைய போட்டோவைக் காட்டுவதுபோல. "எங்க தொழில்ல ஒரு வழக்கம். யார் மேசையத் திறந்தாலும் மூடுறதுக்கு முன்னாடி கல்லுல தன் அடையாளத்தையும் தேதியையும் போட்டுட்டுத்தான் மூடணும். வீட்டுக்காரங்ககிட்ட எதையாவது சொல்லி சமாளிக்கலாம். கல்லுகிட்ட கதை விடக் கூடாது."

நட்சத்திரத்துக்குக் கீழே, ஒரு கோணல் அம்புக்குறி. அதன் பக்கத்தில் இன்னொரு தேதி. இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

துணிக்கடைக்காரர் அந்தத் தேதியை இரண்டு முறை படித்தார். அந்த மாதம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வருஷக் கொள்முதலுக்காகப் பத்து நாள் வெளியூரில் இருந்தார். அந்தப் பத்து நாளில் யாரோ இந்த வீட்டுக்குள் வந்து, இந்த மேசையைத் திறந்து, துணியை மாற்றி, மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மேசைக்காரர் துணியின் ஓரத்தை அவர் கையில் கொடுத்தார். "நான் போட்டது முழுக் கம்பளி. இது பாதிக்குப் பாதி நைலான்." ஒரு நிமிஷம் விட்டு, உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்: "உங்களுக்கா தெரியல?"

இரண்டு வருஷம். வந்த விருந்தாளிக்கெல்லாம் தடவித் தடவிக் காட்டிய துணி. மில் முதலாளிகள் பயப்படும் விரல், சொந்த வீட்டு மேசையில் ஏமாந்திருக்கிறது. துணி நனைந்ததுகூட இப்போது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மாடியைப் பார்த்து மைத்துனனைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை, அதனால்தான் சமையலறையிலிருந்து மனைவியும் வந்துவிட்டாள்.

"இந்த அம்பு யாரு போட்டது?"

மைத்துனன் கல்லைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்குள் ஒரு பேச்சுவார்த்தையே நடந்து, முடிவு எடுக்கப்பட்டு, கையெழுத்தும் ஆகிவிட்டதைத் துணிக்கடைக்காரர் கண்ணால் கண்டார். முப்பது வருஷம் பஜாரில் இருந்தவருக்கு அந்தப் பார்வை தெரியும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்களின் பார்வை.

"நான்தான் ஆள் கூட்டிட்டு வந்து துணி மாத்தினேன் அத்தான்."

"எதுக்கு?"

"நனைஞ்சிருச்சு."

"அப்பவும் பக்கெட்டா?"

மைத்துனன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"சொல்லிருடா" என்றாள் அக்கா.

"வேணாம்க்கா."

"எனக்கும் வேணாம்" என்றார் துணிக்கடைக்காரர். "ரெண்டு வருஷம் என் தலையில மிளகா அரைச்சிருக்கீங்க. என் மேசையிலயே என்ன ஏமாத்த முடியும்னா, புதுக் கடையில கல்லாப்பெட்டி எந்தப் பக்கம் திறக்கும்னு எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை கையெழுத்து இல்ல. மாடிக்கும் வேற ஆள் பாத்துக்கிறேன். நீ வேற இடம் பாத்துக்க."

"சரி அத்தான்" என்றான் மைத்துனன். வாதாடுவான் என்று எதிர்பார்த்து அவர் இரண்டு பதில் தயாராக வைத்திருந்தார். இரண்டும் வீணாகிவிட்டன. அவன் மாடி ஏறும் சத்தம் கேட்டது. மனைவி கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சமையலறைக்குத் திரும்பிப் போகாமல் கதவிலேயே சாய்ந்து நின்றாள்.

மேசைக்காரர் பாவம், அடுத்தவர் வீட்டுச் சண்டையில் எங்கே நிற்பது என்று தெரியாமல், வேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இரண்டாவது கல்லைத் தாண்டித் துணியை உரித்தார். ஊறிய போல்ட்டுகளைத் திருகி எடுத்து, மூன்றாவது கல்லுக்கு, அதாவது சுவர்ப் பக்கத்துக்கு வந்தார். கறையை முகர்ந்தார். துணியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"ஐயா, இது பக்கெட் தண்ணி இல்ல" என்றார், யாருக்கும் இல்லாமல் பொதுவாக. "பக்கெட் கவுந்தா தண்ணி ஓடி பைக்குள்ள எறங்கிரும். இது கொஞ்சம் கொஞ்சமா வந்த தண்ணி. மேல உறையில தேங்கி, தையல் ஓட்டை வழியா எறங்கியிருக்கு. உறைய அப்புறமா யாரோ வெயில்ல காய வச்சு மூடியிருக்காங்க."

துணியை முழுதும் உருவி எடுத்தவர், குனிந்தார். கண்ணாடியைத் தூக்கி மூக்கில் மாட்டினார். மறுபடி குனிந்தார்.

"இங்க எனக்கு ஒரு கடுதாசி இருக்கு."

"உங்களுக்கா?"

"அடுத்து திறக்குறவனுக்குன்னு போட்டிருக்கு. அது நான்தான?"

கல்லில் பென்சிலால், சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்ததை அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"அடுத்துத் திறக்கும் அண்ணனுக்கு. கல் நல்ல கல். மட்டம் சரி. மேலே ஏசி துப்புகிறது. தண்ணீர் வெளியே போகும் பைப் இறங்குமுகமாக இல்லை, ஏறுமுகமாக வைத்திருக்கிறார்கள். வீட்டுத் தம்பியிடம் சொன்னேன். பெரியவர் பேரம் பேசி மாட்டியது, தப்பு என்று தெரிந்தால் மனசு விட்டுவிடுவார், நானே தினம் தண்ணீரை எடுத்துவிடுகிறேன் என்கிறான். எத்தனை நாள் எடுப்பான் என்று தெரியவில்லை. நீங்கள் இதைப் படித்தால், எடுக்காமல் விட்டுவிட்டான் என்று அர்த்தம்."

அறையில் ஏசியின் உறுமல் மட்டும் கேட்டது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் அதை நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஏசிக்குக் கீழே சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. துணிக்கடையின் பெயர் போட்ட காலண்டர். இரண்டு வருஷத்துக்கு முந்தையது. இந்த வீட்டில் ஒரு நாற்காலி நகர்ந்ததைக்கூடச் சந்தேகப்பட்ட மனிதர், முடிந்துபோன வருஷத்தின் காலண்டர் ஏன் இன்னும் தொங்குகிறது என்று ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அதில் அவர் பெயர் பெரிதாக இருந்தது காரணமாக இருக்கலாம். போய்க் கழற்றினார். ஏசியிலிருந்து தாடி வளர்ந்ததுபோல, சுவரில் பழுப்புக் கறை மார்பளவு இறங்கியிருந்தது.

'தண்ணி மேல ஏறாது சார், ஆறடிப் பைப்பு போட்டு கீழ எறக்கணும்' என்று அன்றைக்கு ஏசி மெக்கானிக் சொன்னது இப்போது அட்சரம் பிசகாமல் காதில் விழுந்தது. 'கூலியக் குறை, எல்லாம் ஏறும்' என்று அவர் சொன்ன பதிலும். அந்தப் பதிலை அவர் கதையில் சேர்த்ததில்லை.

பாட்டில். நாற்காலி. ஒன்றேகால் மணி நேரச் சாப்பாடு. போன வாரம் அவனை மூன்று நாள் புதுக் கடைக்கு அனுப்பியது யார்? ஏசியை ஐந்து நாள் ஓடவிட்டு, சுவிட்ச்சைத் தொடாதே என்றது யார்? உறையைக் கடை மிச்சத்தில் தைத்தது யார்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஆள்தான் எழுந்து நின்றார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மனைவியிடம். குரலில் பாதிக் காற்று.

"சொன்னேனே. ஏசி மாட்டின புதுசுல, தண்ணி சொட்டுதுன்னு சொன்னேன். ஏசிக்காரன்கிட்ட எவ்வளவு கமிஷன் வாங்கினேன்னு கேட்டீங்க. அப்புறம் நாள்கணக்கா எங்கிட்ட பேசல."

மேசைக்காரர் சட்டென்று கீழே ஏதோ போல்ட்டைத் தேட ஆரம்பித்தார்.

துணிக்கடைக்காரர் மாடி ஏறினார். பாதிப் படியில் ஒரு முறை நின்றார். என்ன விலையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு பேரத்துக்குப் போவது அவருக்கு இதுதான் முதல் தடவை. மேலே மைத்துனன் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தான். கடையில் பீஸ் மடிப்பதுபோல, முனைக்கு முனை சேர்த்து, மேலே ஒரு தட்டு தட்டி.

"இடம் பாத்துட்டியா?"

"இன்னும் கால் மணி நேரம் ஆகல அத்தான்."

"பாக்காத."

மைத்துனன் கை நின்றது. கீழேயிருந்து படித்த சத்தம் அவனுக்கும் எட்டியிருக்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு வா."

"சரி."

"அந்தத் துணி எவ்வளவு ஆச்சு?"

"எந்தத் துணி?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போட்டது."

"மறந்துபோச்சு அத்தான்."

"துணிக்கடையில வேலை பாத்துக்கிட்டு துணி விலை மறந்துபோச்சா?"

"கடைக் காசா இருந்தா ஞாபகம் இருக்கும். சொந்தக் காசு, மறந்துபோச்சு."

அவர் தலையாட்டினார். நியாயமான பதில். கடைக்காரன் பதில். பாதிக் கடை கொடுக்கலாம். திரும்பிப் போகக் கதவுவரை வந்தவருக்கு மூக்கில் ஏதோ அரித்தது. இரண்டு வருஷம் இவ்வளவு கரிசனமாக ஒருவனை ஏமாற்றத் தெரிந்தவன்...

"நான் நாப்பத்தேழு ஆட்டம் முன்னால இருக்கேன்" என்றார். "அதுல..."

"அதெல்லாம் நெஜம் அத்தான்" என்றான் மைத்துனன்.

கேள்வி இன்னும் முடிந்திருக்கவில்லை. உண்மையான பதில் கேள்வி முடிந்த பிறகு வரும் என்பது அவர் அனுபவம். இது முன்கூட்டியே இஸ்திரி போட்டு வைத்திருந்த பதில். அவன் முகத்தைப் பார்த்தார். அவன் மடித்த விரிப்பை எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தான்.

மேசை இரண்டு நாள் துணியில்லாமல், மின்விசிறிக் காற்றில் கிடந்தது. புதன்கிழமை ஏசி மெக்கானிக் வந்து புதுத் துளை போட்டு, ஆறடிப் பைப்பை இறங்குமுகமாக மாட்டினார். கூலி சொன்னார். துணிக்கடைக்காரர் அப்படியே எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக் பயந்துபோய் நோட்டுகளை இரண்டு முறை எண்ணி, ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார்.

வியாழக்கிழமை மேசைக்காரர் உப்பிய மரத்தை மாற்றி, கல்லை மட்டம் பார்த்து, கற்களின் இணைப்பில் மெழுகு உருக்கி ஊற்றிச் சுரண்டினார். புதுத் துணியை மைத்துனன் தேர்ந்தெடுத்தான். துணிக்கடைக்காரர் இரண்டு கையையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். கறைபட்ட பழைய துணியில் ஒரு சாண் வெட்டி மடித்துத் தன் மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். விரலுக்குக் கொஞ்சம் திமிர் வந்தால் தொட்டுப் பார்க்க.

மூடுவதற்கு முன் மேசைக்காரர் கல்லில் ஒரு நட்சத்திரம் போட்டார், தேதி போட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, பென்சிலைத் துணிக்கடைக்காரரிடம் நீட்டினார்.

அவர் குனிந்து, பேரேட்டில் எழுதுகிற மாதிரி நிதானமாக எழுதினார். எழுதி முடித்ததும் மனைவி வந்து எட்டிப் படித்தாள். பென்சிலை வாங்கி ஓர் இடத்தில் மட்டும் திருத்தினாள். மைத்துனனும் படித்தான், கடைசி வரிக்கு வந்ததும் குச்சிகளைத் துடைக்கப் போய்விட்டான். துணி இழுத்து மூடப்பட்டது. அடுத்துத் திறப்பவர் படிக்க, கல்லில் இருப்பது இது:

தம்பி கொடுத்தது: இரண்டு வருஷம் தண்ணீர் எடுத்த உழைப்பு, துணி ஒன்று, பக்கெட் பொய் ஒன்று.
வீட்டுக்காரி கொடுத்தது: பைப் பொய் ஒன்று.
நான் கொடுத்தது: ஆறடிப் பைப், பாதிக் கடை.
நான் கழிக்க வேண்டியது: பேசாமல் இருந்த நாள் எட்டு. (எட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் வேறு கையெழுத்தில்: பதினொன்று.)
ஆட்டம்: நான் 618, தம்பி 571.
சந்தேகம்: 47. நிலுவை.